புதிதாக வாங்கிய இத்தாலியத் தேனீப் பெட்டியில் உண்ணியைக் கட்டுப்படுத்துவது எப்படி?

இத்தாலியத் தேனீப் பெட்டி வாங்கினால் தேனீ, அடை, ராணியோடு உண்ணியும் கூடவே வந்து சேரும். விற்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆகவே, 'உண்ணி இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டிருக்காமல் 'எத்தனை இருக்கிறது' என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கையில் இருந்தால் என்ன செய்வது, எப்போது செய்வது என்ற இரண்டும் தெளிவாகிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் லாங்ஸ்ட்ராத் பெட்டியில் வளரும் இத்தாலியத் தேனீக்கு மட்டும். நியூட்டன் பெட்டியில் இந்தியத் தேனீ வளர்ப்பவர்களுக்கு இந்த மருந்து எதுவும் தேவைப்படாது. வரோவா உண்ணியின் ஆதி வீடே இந்தியத் தேனீக் கூடுதான். நெடுங்காலமாகக் கூடவே வாழ்ந்து பழகியதால், இந்தியத் தேனீக்கள் ஒன்றன் உடம்பில் ஒட்டிய உண்ணியை மற்றொன்று பிடுங்கி எறிந்துவிடும். வேலைக்காரத் தேனீயின் புழு அறையில் உண்ணியால் பெருக முடிவதில்லை. ஆண் தேனீ அறையில் மட்டும் கொஞ்சம் பெருகும். இத்தாலியத் தேனீக்கு இந்தப் பழக்கம் போதாது. அது இந்தியாவில் நிலைபெற்றதே 1962-இல், இன்றைய இமாசலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில். 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன பிறகு, இங்கும் பலர் இத்தாலியத் தேனீ பக்கம் திரும்பினர். உண்ணிப் பிரச்சினையும் அதோடு வந்தது.

உண்ணி இரண்டு வகை

முதலாவது வரோவா. பெண் உண்ணி செம்பழுப்பு நிறம்; நீளத்தைவிட அகலம் அதிகம், ஏறத்தாழ 1.1 மி.மீ. நீளமும் 1.6 மி.மீ. அகலமும் இருக்கும். வெறுங்கண்ணுக்கே தெரியும். தேனீயின் வயிற்றுத் தகடுகளுக்கு இடையே நுழைந்து ஒட்டிக்கொள்வதால் முதுகில் தேடினால் சுலபத்தில் அகப்படாது. 'முதுகில் ஒன்றும் காணோம், என் பெட்டி சுத்தம்' என்று சொல்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இரண்டாவது டிரோபிலேலாப்ஸ். அது ஒல்லியானது, சுமார் 1 மி.மீ. நீளமும் அதில் பாதி அகலமும் கொண்டது, அடையின் மேல் விறுவிறுவென்று ஓடும். இதன் சொந்த வீடு மலைத்தேனீக் கூடு. பக்கத்தில் உயரமான மரத்திலோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால், ஒருமுறை ஒழித்தாலும் அங்கிருந்து மறுபடி வந்துகொண்டேயிருக்கும். இதற்கு ஒரு பலவீனம் உண்டு: வளர்ந்த தேனீயின் உடம்பில் இதால் தீனி எடுக்க முடியாது. புழு கிடைக்காவிட்டால் சில நாட்களில் செத்துப்போகும்.

மூடிய அறைதான் உண்ணியின் கோட்டை

வேலைக்காரத் தேனீயின் அறை முட்டையிட்ட 9-ஆம் நாள்வாக்கில் மெழுகால் மூடப்படும். மூடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு தாய் வரோவா உள்ளே நுழைந்து புழுவுக்குக் கீழே பதுங்கிக்கொள்ளும். மூடிய பிறகு சுமார் 3 நாளில் முதல் முட்டை. அதில் ஆண் உண்ணி வரும். பிறகு சுமார் 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். வேலைக்கார அறை 12 நாள் மூடியிருப்பதால் தாயோடு ஒன்று அல்லது இரண்டு முதிர்ந்த மகள்கள் வெளியே வரும். ஆண் தேனீ அறை இன்னும் 2, 3 நாள் கூடுதலாக மூடியிருக்கும். ஆகவே அங்கே விளைச்சல் அதிகம், உண்ணிக்கும் அந்த அறையே பிடித்தமானது. உண்ணி தின்பது பெரும்பாலும் தேனீயின் கொழுப்புத் திசுவை. அதோடு சிறகுச் சிதைவு வைரஸையும் ஏற்றிவிடும். கூட்டம் அழிவது பெரும்பாலும் இந்த வைரஸால்தான்.

புழு வளர்ப்பு நடக்கும் பெட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் உண்ணி இந்த மூடிய அறைகளுக்குள் இருக்கும். நாம் கொடுக்கும் பெரும்பாலான மருந்து அங்கே போய்ச் சேராது. குளிர்நாடுகளில் டிசம்பரில் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அங்குள்ளவர்கள் அந்த இடைவெளியில் மருந்து கொடுத்து வேலையை முடித்துவிடுவார்கள். நம் ஊரில் ராணிக்கு ஓய்வே இல்லை, ஆண்டு முழுதும் ஏதோ ஒரு அளவில் புழு இருக்கும். அவர்கள் சொல்லும் தேதியையும் முறையையும் அப்படியே பார்த்துச் செய்து, 'மருந்து பிடிக்கவில்லை' என்று கைவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. அந்த இடைவெளியை நாமேதான் உண்டாக்க வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே பார்க்க வேண்டியவை

பெட்டியைத் திறக்கும் முன் வாசலுக்கு முன்னால் தரையைப் பாருங்கள். சிறகு கசங்கிச் சுருண்ட, வயிறு குட்டையான இளந்தேனீக்கள் ஊர்ந்துகொண்டிருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். அந்த நிலைக்கு வந்த கூட்டத்தைத் தேற்றுவது புதியவருக்குக் கடினம். அடுத்து, மூடிய புழு இருக்கும் சட்டத்தைத் தூக்கிப் பாருங்கள். மூடி ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். இடையிடையே ஓட்டை, குழிந்த மூடி, பாதி கடித்துத் திறந்த மூடி தெரிந்தால் காரணம் கேளுங்கள். கடைசியாக எந்த மருந்து, எந்த மாதம் கொடுத்தார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டங்களுக்கு நடுவே பழைய மருந்துப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. மாதக்கணக்கில் பட்டையை விட்டுவைப்பதால்தான் உண்ணி மருந்துக்குப் பழகிப்போகிறது. ஃபுளுவாலினேட் என்ற பட்டை மருந்து பல நாடுகளில் பலனற்றுப் போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

வாங்கி வந்த பெட்டியை ஏற்கனவே இருக்கும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். முடிந்தால் 3 கி.மீ. தள்ளி நண்பர் தோட்டத்தில் ஒரு மாதம் வைக்கலாம். அது முடியாவிட்டால் தோட்டத்தின் மறு கோடியில், வாசல் எதிர்ப்பக்கம் பார்த்தபடி வையுங்கள். வழிதவறி நுழையும் தேனீயும் தேன் திருட வரும் தேனீயும்தான் உண்ணியைப் பெட்டிக்குப் பெட்டி சுமந்து செல்கின்றன.

எண்ணும் முறை

பெட்டி வந்து 3, 4 நாள் ஆனதும், தேனீக்கள் அமைதியாகப் போய்வரத் தொடங்கியபின் எண்ணுங்கள். வாய் அகன்ற ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று, அதன் மூடியில் வட்டமாக வெட்டி 3 மி.மீ. துளையுள்ள கம்பி வலை, 100 மி.லி. அளவு குடுவை, வெள்ளைத் தட்டு, பொடித்த சர்க்கரை ஆகியவை போதும். சர்க்கரையை ஈரமில்லாத மிக்சியில் நீங்களே பொடியுங்கள். கடையில் கிடைக்கும் ஐசிங் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும், அது தேனீக்கு ஆகாது.

1. ராணி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, அந்தச் சட்டத்தைத் தனியே பத்திரமாக வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

2. மூடாத புழு இருக்கும் வேறொரு சட்டத்தை ஒரு தாம்பாளத்தின் மேல் உதறி, விழுந்த தேனீயில் 100 மி.லி. குடுவை நிறைய அள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 300 தேனீ இருக்கும். வாசலில் இருக்கும் தேனீயை அள்ளினால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும். புழுவுக்கு ஊட்டும் இளந்தேனீ மேல்தான் உண்ணி அதிகம்.

3. பாட்டிலில் போட்டு வலை மூடியைத் திருகி, வலை வழியாக 2 மேசைக்கரண்டி சர்க்கரைப் பொடியைப் போட்டு, ஒரு நிமிடம் மெதுவாக உருட்டுங்கள். பிறகு 2 நிமிடம் நிழலில் வையுங்கள். அந்த 2 நிமிடத்தில் தேனீயின் உடம்புச் சூடு ஏறி உண்ணி பிடி தளர்த்தும். அவசரப்பட்டால் பாதி உண்ணி பாட்டிலிலேயே தங்கிவிடும்.

4. பாட்டிலைக் கவிழ்த்து வெள்ளைத் தட்டின் மேல் ஒரு நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து உண்ணி மட்டும் பழுப்புப் புள்ளியாக நிற்கும். எண்ணி 3-ஆல் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை என்று வந்துவிடும்.

தேனீக்களை வாசலில் கொட்டிவிடலாம், உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு உள்ளே போய்விடும். மழைக்காலத்திலும் தேன் வரத்து மும்முரமாக இருக்கும்போதும் இந்த முறை சரிவராது. பொடி ஈரத்தில் கட்டிதட்டிப் போகும். அப்போது பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சில சொட்டு விட்ட தண்ணீரில் 300 தேனீயைக் குலுக்கிக் கழுவி, வலையில் வடித்து, வெள்ளைத் துணியில் விழும் உண்ணியை எண்ண வேண்டும். தேனீ செத்துவிடும், கணக்கு மிகத் துல்லியமாக இருக்கும். பல்லாயிரம் தேனீ உள்ள கூட்டத்துக்கு 300 இழப்பு பெரிதில்லை.

நூறு தேனீக்கு 1-க்குக் கீழே இருந்தால் நிதானமாகத் திட்டமிடலாம். 2 அல்லது 3 வந்தால் உடனே வேலையில் இறங்க வேண்டும். புழு வளர்ப்பு நிற்காத பெட்டியில் உண்ணி ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரோபிலேலாப்ஸ் இந்தக் கணக்கில் சிக்காது, ஏனெனில் அது தேனீ மேல் ஓரிரு நாள்தான் இருக்கும். அதற்குத் தேனீயை உதறிவிட்டு, புழுச் சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து, வெள்ளைத் தாள் விரித்த தட்டின் விளிம்பில் நாலு முறை தட்டுங்கள். சட்டத்தைத் திருப்பி மறுபக்கமும் அதேபோலத் தட்டுங்கள். தாளில் மெல்லிய உண்ணி ஓடினால் அது டிரோபிலேலாப்ஸ். ஒன்றிரண்டு தெரிந்தாலே நடவடிக்கை தேவை. எவர்சில்வர் தட்டு வேண்டாம், பளபளப்பில் எதுவும் தெரியாது.

இடைவெளி உண்டாக்கி மருந்து கொடுத்தல்

பெட்டி முழுதாக வாங்கியவர்களுக்கு நம்பகமான வழி ராணியைக் கூண்டில் அடைப்பது. வேலைக்காரத் தேனீ நுழையக்கூடிய, ராணி வெளியேற முடியாத தடுப்புக் கூண்டாக இருந்தால் நல்லது. ராணியை அதில் விட்டு, புழு வளரும் கீழ்ப்பெட்டியின் நடுவில் இரண்டு சட்டங்களுக்கு இடையே தொங்கவிடுங்கள். ஓரத்தில் வைத்தால் கவனிப்பாரில்லாமல் ராணி பட்டினி கிடக்கும். கூண்டு வைத்த 7-ஆம் நாள் எல்லாச் சட்டத்தையும் உதறிப் பார்த்து, புது ராணி அறை கட்டியிருந்தால் அழித்துவிடுங்கள். ஆண் தேனீ மூடிய அறைகளைக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள்; அவை பிறக்க 24 நாள் ஆகும் என்பதால் நம் கணக்கைக் குலைக்கும். வெட்டியதைப் பெட்டிக்கு அருகில் போடாமல் புதைத்துவிடுங்கள்.

21-ஆம் நாள் கடைசி வேலைக்காரத் தேனீயும் பிறந்திருக்கும். அன்று ராணியை விடுவியுங்கள். 24-ஆம் நாள் மாலை ஆக்சாலிக் அமிலம் கொடுங்கள். அன்று அடையில் முட்டை மட்டும் இருக்கும், மூடிய அறை ஒன்றும் இருக்காது. வரோவா முழுவதும் தேனீ மேல் வெளியே நிற்கும். டிரோபிலேலாப்ஸுக்குத் தின்ன எதுவும் இல்லாததால் அது இதற்குள் தானாகவே ஒழிந்துபோயிருக்கும். ஒரே இடைவெளியில் இரண்டு உண்ணிக்கும் வழி செய்ததாகிறது.

அமிலக் கரைசல்: 600 கிராம் சர்க்கரையை 600 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் ஏறக்குறைய 1 லிட்டர் பாகு வரும். அதில் 35 கிராம் ஆக்சாலிக் அமிலம் டைஹைட்ரேட். 5 பெட்டிக்கு 250 மி.லி. பாகும் 8.75 கிராம் அமிலமும் போதும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்குங்கள், அலுமினியம் ஆகாது. கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். சூட்டில் நாள்பட வைத்தால் பாகில் தேனீக்கு நஞ்சான பொருள் உண்டாகும்.

கொடுப்பது: மேலே உள்ள தேன் பெட்டியை எடுத்துவிட்டு, சட்டங்களுக்கு இடையே தேனீ நிறைந்திருக்கும் ஒவ்வொரு சந்துக்கும் சிரிஞ்சில் 5 மி.லி. வீதம், தேனீக்கள் மேலேயே படும்படி மெல்லிய கோடாக விடுங்கள். சட்டத்தின் மேற்கட்டையில் ஊற்றினால் வீண். 6 சட்டத்தில் தேனீ இருந்தால் 25 முதல் 30 மி.லி. ஆகும். எவ்வளவு பெரிய கூட்டமானாலும் 50 மி.லி.-க்கு மேல் போகாதீர்கள். ஒரே முறைதான். 'இன்னொரு தடவை கொடுத்தால் இன்னும் நல்லது' என்று அடுத்த வாரமே மறுபடி கொடுப்பது தேனீயின் ஆயுளைக் குறைக்கும், திறந்த புழுவையும் கொல்லும்.

மரக்கிளையில் தொங்கிய இத்தாலியக் கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. அந்தக் கூட்டத்தில் புழுவே கிடையாது, உண்ணி எல்லாம் வெளியே இருக்கிறது. அடை கட்டத் தொடங்க உதவும் மெழுகுத் தாள் பொருத்திய சட்டத்தில் குடியேற்றி, சர்க்கரைப் பாகு கொடுத்து, 5 அல்லது 6-ஆம் நாள் மேலே சொன்னபடி ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கொடுத்துவிடுங்கள். முதல் நாளே கொடுத்தால், முட்டையும் அடையும் இல்லாத பெட்டியை விட்டு ஓடிவிடக்கூடும். 8 நாள் தாண்டினால் அறை மூடத் தொடங்கி வாய்ப்பு கைநழுவும்.

8 சட்டத்துக்கு மேல் உள்ள பலமான கூட்டம் என்றால் பிரிப்பதும் ஒரு வழி. ராணியையும் பாதித் தேனீயையும் புழு இல்லாத அடைகளோடு ஒரு பெட்டிக்கு மாற்றி, அங்கே 5-ஆம் நாள் கொடுங்கள். புழுச் சட்டங்களோடு தங்கும் மறுபாதி தானே புது ராணி வளர்த்துக்கொள்ளும். பழைய புழு எல்லாம் பிறந்து முடியும் 24-ஆம் நாளில் புது ராணியின் மூடிய புழு இன்னும் வந்திருக்காது. அன்று அதற்கும் கொடுங்கள். ஒரு பெட்டி இரண்டாகும், இரண்டும் உண்ணி குறைந்ததாக இருக்கும்.

காலக் கணக்கு

21 நாள் முட்டை நின்றால் கூட்டம் கொஞ்சம் மெலியும். முட்டை, தேன் சேகரிக்கும் தேனீயாக மாறச் சுமார் 6 வாரம் ஆகும். குமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களில் இலையுதிர்ந்து துளிர்க்கும்போது, பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டி, தேன் வரத்து தொடங்கும். அதற்குள் கூட்டம் பெருக வேண்டுமென்றால் ராணி டிசம்பர் முதல் வாரத்துக்குள் வெளியே வந்திருக்க வேண்டும். அதாவது நவம்பர் 10 வாக்கில் கூண்டுக்குள் போயிருக்க வேண்டும். உங்கள் பகுதியில் எந்தப் பூ எப்போது என்று பார்த்து இதேபோல் பின்னோக்கி எண்ணுங்கள். ஜனவரியில் பெட்டி வாங்கி உடனே ராணியை அடைத்தால் அந்த ஆண்டுத் தேன் போய்விடும். உண்ணி குறைவாக இருந்தால் தேன் எடுத்து முடியும்வரை பொறுப்பதே மேல்.

பொறுக்க முடியாத அளவு உண்ணி இருந்தால் ஃபார்மிக் அமிலம் இருக்கிறது. அதன் ஆவி மெழுகு மூடியைத் தாண்டி உள்ளே போகும். 85% அமிலம் 5 மி.லி. சிறு குப்பியில் பஞ்சுத் திரியோடு அடிப்பலகையில் வைத்து, தினமும் நிரப்பி 15 நாள் வைப்பது இந்தியாவில் வழக்கமாகச் சொல்லும் முறை. பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் ஆவி வேகமாகக் கிளம்பி ராணியே செத்துப்போகலாம். சமவெளியில் மார்ச் முதல் ஜூன்வரை இதைத் தொடவே வேண்டாம். டிரோபிலேலாப்ஸுக்குச் சட்டத்துக்கு 200 மில்லிகிராம் கந்தகத் தூளை மேற்கட்டையில் தூவும் முறையும் உண்டு. அது மூடிய அறைக்குள் போகாது, அதனால் கூண்டு முறைக்கு ஈடாகாது.

கொடுத்தபின் சரிபார்த்தல்

அடிப்பலகையில் எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை வைத்து, அதன் மேல் தேனீ தொடாதபடி வலை போட்டு, 3 நாள் விழும் உண்ணியை எண்ணுங்கள். பெட்டிக் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எறும்பு ஏறினால் விழுந்த உண்ணியை இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். காலையில் வெறும் தாளைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்றோ உண்ணியே இல்லை என்றோ தவறாக நினைக்க நேரும்.

3 வாரம் கழித்து மறுபடி 300 தேனீ எடுத்து எண்ணுங்கள். நூறுக்கு 1-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: எங்கோ ஒரு மூலையில் ஆண் தேனீ மூடிய அறை விடுபட்டிருக்கும், அல்லது பக்கத்தில் சாகும் நிலையில் உள்ள ஒரு கூட்டத்தைத் திருடப் போய் உங்கள் தேனீ உண்ணியைச் சுமந்து வந்திருக்கும். முதலாவதென்றால் அடுத்த இடைவெளியில் கவனமாக வெட்டுங்கள். இரண்டாவதென்றால் வாசலை இரண்டு தேனீ நுழையும் அளவுக்குச் சுருக்கி, அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்து அதற்கும் மருந்து கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை எண்ணுவதையும், தேதியோடு பெட்டி மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். செய்முறையை நேரில் பார்க்க விரும்புவோருக்குக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையும், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்கள் பலவும் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்துகின்றன. ராணியைக் கூண்டில் அடைப்பதை முதல்முறை அங்கே செய்து பழகிவிட்டு வந்தால் கை நடுங்காது.